கட்ச் பாலைவனத்துக்கு எம்ப்ராய்டரி பாக்கக் கிளம்புறீங்களா? வேலூர்ல இருந்து போறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரி, காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம்னு எங்க பாத்தாலும் இப்ப கொக்கி ஊசியால போடற ஆரி எம்ப்ராய்டரி கிளாஸ் நடக்குது, கல்யாண பிளவுஸ்னா ஆரி வொர்க் இல்லாம தைக்கிறவங்களே குறைஞ்சுட்டாங்க. அதனாலயே தையல் கத்துக்கிட்ட பெண்கள் பல பேருக்கு குஜராத்ல இருக்கற கட்ச் பக்கம் போய், அந்தப் பாலைவன கிராமங்கள்ல ஊசி வேலை செய்யற பெண்களை நேர்ல பாக்கணும்னு ஆசை வந்துருக்கு, குடும்பத்தோட வண்டி எடுத்துட்டு போறவங்களும் இருக்காங்க. ரொம்ப நல்ல விஷயம். ஆனா போய்ட்டு வந்தவங்ககிட்ட கேட்டா வெள்ளை உப்பு மேல நின்னு எடுத்த போட்டோ இருக்கு, மெஷின்ல தைச்ச பை நாலு இருக்கு, ஒரு அம்மா பக்கத்துல அரை மணி நேரம் உக்காந்து அவங்க கை எப்படி ஓடுதுன்னு பாத்தீங்களான்னா இல்லங்கறாங்க. அவ்ளோ தூரம் போயிட்டு அதை விட்டுட்டு வர்றது எனக்கு மனசு கேக்கல, அதான் இதை எழுதறேன்.

முதல் தப்பு தூரத்தை குறைச்சு மதிப்பிடறது. நம்ம ஊரைத் தாண்டிப் போற என்எச் 48 தான் பெங்களூரு, புனே, மும்பை வழியா அகமதாபாத் வரைக்கும் போகுது, அதனால நேரா ஓட்டிட்டே போயிடலாம்னு தோணும். வேலூர்ல இருந்து கட்ச் மாவட்டத் தலைநகரான பூஜ் ஊருக்கு ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். வயசானவங்களையும் பசங்களையும் வெச்சுக்கிட்டு அதை ஓட்டினா போய்ச் சேரும்போதே உடம்பு ஓஞ்சுடும், லீவுல பாதி ரோட்லயே போயிடும். அகமதாபாத் வரை ரயில்லயோ ஃபிளைட்லயோ போய் அங்க இருந்து வண்டி எடுங்க. அங்கிருந்து பூஜ் 330 கிலோமீட்டருக்கு மேல, அதுவே ஒரு நாள் ஓட்டம்.

அடுத்தது வெயில். "நாங்க வேலூர் வெயில்லயே வளந்தவங்க"ன்னு சொல்லிட்டு ஏப்ரல், மே மாசம் போகாதீங்க. அக்னி நட்சத்திரத்துல நமக்கு ஒதுங்க ஒரு புளிய மரமாவது கிடைக்கும், அங்க பன்னி புல்வெளிப் பக்கம் போனா அனல் காத்தும் உப்புத் தரையில பட்டு கண்ணைக் கூசற வெளிச்சமும் தான். மழைக்காலத்துல ரண்ங்கற அந்த உப்புப் பாலைவனம் முழுக்க தண்ணி நின்னுடும், வெள்ளை உப்பும் கிடையாது, சில பாதையில வண்டியும் போகாது. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை தான் சரியான நேரம். அப்பவும் ஒரு விஷயத்தை நம்ம ஆளுங்க மறந்துடறாங்க, அங்க ராத்திரி குளிர் கடுமையா இருக்கும், கட்ச்ல இருக்கற நலியாங்கற ஊர் குளிர்காலத்துல குஜராத்திலேயே ரொம்ப குளிரான இடம்னு அடிக்கடி நியூஸ்ல வரும். நம்ம மார்கழிக்கு எடுத்துப்போடற ஒரு சால்வை அங்க பத்தவே பத்தாது, ஸ்வெட்டர், சாக்ஸ், பசங்களுக்கு குல்லா எல்லாம் வேணும். அரையாண்டு லீவையும் பொங்கலையும் முடிஞ்சா தவிர்த்துடுங்க, ரண் உத்சவ்ங்கற குளிர்காலத் திருவிழாக் கூட்டத்துல ரூம் வாடகை ஏறிடும், பொங்கல் சமயத்துல அவங்களுக்கும் பட்டம் விடற உத்தராயண் பண்டிகை, அன்னிக்கு யார் வீட்லயும் போய் உக்காந்து தைச்சுக் காட்டுங்கன்னு கேக்க முடியாது.

வழியெல்லாம் வேலிகாத்தான் பாத்து அட நம்ம பாலாத்துக் கரை மாதிரியே இருக்கேன்னு நினைப்பீங்க, அதே சீமைக்கருவேலம் தான், 1961 வாக்குல உப்பு பரவாம இருக்கணும்னு பன்னில நட்டாங்க, இப்ப புல்லை அழிச்சு மாடு மேய்க்கறவங்க பொழப்பையே கெடுத்துடுச்சு. அங்க ஊசி வேலை செய்யற பெண்கள்ல நிறைய பேர் மாடு வளர்க்கற குடும்பம். புல்லு குறைஞ்சு பால் வருமானம் குறையும்போது தையல் கூலி தான் வீட்டைத் தாங்குது, இதைத் தெரிஞ்சுக்கிட்டு போனா விலை பேசும்போது உங்க வாயே தானா அடங்கும்.

பர்மிட் விஷயம் சின்னது தான். வெள்ளை ரண் பாகிஸ்தான் பார்டர் பக்கம்ங்கறதால அனுமதி வேணும், ஆன்லைன்லயும் வாங்கலாம், பிரண்டியாரா செக்போஸ்ட்லயும் வாங்கலாம், எல்லாருக்கும் ஆதார் ஒரிஜினலும் ஜெராக்ஸும் வெச்சுக்கங்க. பூஜ்லயே டேங்க் ஃபுல் பண்ணிடுங்க. குஜராத்ல மதுவிலக்கு, கூட வர்ற ஆம்பளைங்க பையில எதுவும் இல்லாம பாத்துக்கங்க. பிரண்டியாராவுல எருமைப்பால்ல சுண்டக் காய்ச்சின மாவா கிடைக்கும், நம்ம ஆற்காடு மக்கன் பேடாவுக்குப் போடற கோவா மாதிரி, அதை சாப்பிடாம வராதீங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். ஒரே நாள்ல ஹோட்கா, தோர்டோ, காவ்டா, காலோ டுங்கர் மலை, அப்படியே 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த பழைய சிந்துவெளி நகரம் தோலாவீரா வரைக்கும் போயிடலாம்னு டிரைவர் சொல்வார், ரோடு நல்லா இருக்கு, போகவும் முடியும். ஆனா அப்படிப் போனா எந்த ஊர்லயும் இருபது நிமிஷத்துக்கு மேல நிக்க மாட்டீங்க. ஊசி வேலைங்கறது மெதுவா நடக்கறது, பாக்கறவங்களும் மெதுவா தான் பாக்கணும். ஒரு நாளைக்கு ஒரு ஊர், அதுவும் காலைல சமையல், மாட்டு வேலை எல்லாம் முடிஞ்சு அவங்க உக்கார்ற நேரம் பாத்து, முன்னாடியே போன் பண்ணி கேட்டுட்டு போங்க. சொல்லாம கொள்ளாம வேன்ல பதினஞ்சு பேர் போய் இறங்கினா நம்ம வீட்டு வாசல்ல யாராவது அப்படி வந்தா நமக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க.

எங்க போறதுன்னு தெரியாம ரோட்டோர கடையை நம்பி போறதும் தப்பு. முதல்ல பூஜ் பக்கத்துல அஜ்ரக்பூர்ல இருக்கற எல்எல்டிசிங்கற கைவினை மியூசியத்துக்கு போயிடுங்க. 1969 பஞ்சத்தப்ப கட்சுக்கு வந்த சந்தா ஷ்ராஃப் அம்மா பெண்களுக்கு தையல் வேலை கொடுத்து ஸ்ருஜன்னு ஒரு அமைப்பை ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து வளந்தது தான் இந்த மியூசியம். சுமராசர் ஷேக் ஊர்ல கலா ரக்ஷாங்கற கைவினை அமைப்பு இருக்கு, அது 1993ல ஆரம்பிச்சது. இங்கெல்லாம் ஒரு அரை நாள் செலவு பண்ணிட்டு அப்புறம் ஊருக்குள்ள போனா கண்ணு பழகியிருக்கும், எது என்ன வேலைன்னு அடையாளம் தெரியும்.

ஏன்னா நம்ம ஊர்ல கட்ச் வொர்க்னு கிளாஸ்ல சொல்லித் தர்ற அந்த நூலைக் கோத்துக் கோத்துப் பின்னற தையல் மட்டும் தான் கட்ச்னு நினைச்சுட்டு போறவங்க ஜாஸ்தி. அங்க ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தையல் இருக்கு. சோடா, மேக்வார் பெண்கள் செய்யற சூஃப் வேலையில துணி மேல எதுவும் வரைய மாட்டாங்க, துணியோட பின்பக்கத்துல இருந்து இழையை எண்ணி எண்ணி ஊசி விடுவாங்க, முன்பக்கம் முக்கோணம் முக்கோணமா கோலம் விழும், ஒரு இழை தப்பினாலும் டிசைன் கோணிக்கும். அவங்கள்ல பல குடும்பங்க 1971 போர் சமயத்துல பாகிஸ்தான்ல இருக்கற சிந்துல இருந்து வந்தவங்க. ரபாரி பெண்கள் சங்கிலித் தையல்ல கோடு போட்டு விதவிதமான வடிவத்துல கண்ணாடி வெப்பாங்க, முத்வா பெண்கள் வெக்கற கண்ணாடி கண்ணுக்கே தெரியாத அளவு பொடிசா இருக்கும், கராசியா ஜட் பெண்கள் சட்டையோட மார்புப் பகுதி பூரா துணியே தெரியாம குறுக்குத் தையலால நிரப்பிடுவாங்க. நம்ம ஆரி இருக்கே, அது பூஜ் மோச்சிங்க கைவேலை, தோல் தைக்கற சமூகம், செருப்புத் தைக்கற குத்தூசி தான் சின்னதாகி பட்டு மேல ஏறுச்சு. ஆம்பூர், ராணிப்பேட்டைன்னு தோல் ஊர்களுக்கு நடுவுல உக்காந்து ஆரி போடற நமக்கு இது தெரிஞ்சிருக்கணும்.

பேரம். ஆரணிப் பட்டு நெசவுக்காரர் வீட்டைப் பாத்தவங்களுக்கு கைவேலையோட பாடு தெரியும், ஆனாலும் ஊர்ப் பழக்கத்துல பாதி விலைக்குக் கேட்டுடறோம். நல்ல சூஃப் துண்டு ஒண்ணு முடிய வாரக்கணக்குல ஆகும், பெருசுன்னா மாசக்கணக்கு. காசு கம்மியா இருந்தா சின்னதா ஒண்ணு வாங்குங்க, பெருசை குறைச்சுக் கேக்காதீங்க. அதே சமயம் கைவேலைன்னு சொல்லி மெஷின் வேலையை விக்கறவங்களும் உண்டு, அங்க கறாரா இருக்கலாம். துணியைத் திருப்பிப் பாருங்க, பின்பக்கம் வேற நூல் ஒரே சீரா ஓடி, எல்லாப் பூவும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவா இருந்தா மெஷின். கண்ணாடியை நகத்தால தட்டுங்க, பிளாஸ்டிக்னா மொத்தையா சத்தம் வரும், எடையும் இருக்காது.

போட்டோ எடுக்கறதுல தான் ரொம்ப மனசு கஷ்டப்படற மாதிரி நடக்குது. பன்னில முஸ்லிம் கிராமங்க நிறைய, பல வீட்ல பெண்கள் முகத்தைப் போட்டோ எடுக்கறது பிடிக்காது. கையையும் துணியையும் எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க, வேணாம்னா போனை பைல வெச்சுடுங்க. வெறும் ஆம்பளைங்க குரூப்பா போனா முற்றத்துக்குள்ள விட மாட்டாங்க, அது அவங்க வழக்கம். மொழிக்கு பயப்பட வேணாம், கட்ச்சி மொழியும் குஜராத்தியும் பேசறாங்க, இந்தி ஓரளவு போகும், மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது பேசற தோழி யாராவது இருந்தா கூட்டிட்டு போங்க, அவங்க ரெண்டு வார்த்தை பேசினா போதும், டீ வந்துடும், கூடவே அந்த வீட்டுப் பாட்டியும் வந்து உக்காந்துடுவாங்க. பேரோட "பென்" (சகோதரி) சேத்து மரியாதையா கூப்பிடுங்க. பசங்களுக்கு சாக்லேட்டும் பத்து ரூபாயும் வாரி விடாதீங்க, அடுத்த வண்டி வரும்போது அதுங்க கை நீட்டி ஓடி வரும், குடுக்கணும்னா வீட்டுப் பெரியவங்க கையில ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுங்க.

பெட்டியில இருக்கற பழைய சீர்த்துணியை வித்துடுங்கன்னு வற்புறுத்தறதும் நடக்குது. அது அம்மாவும் பாட்டியும் கல்யாணத்துக்கு தைச்சது. 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு அப்புறம் கஷ்டத்துல பல வீட்ல அதை வித்துத் தீர்த்துட்டாங்க, மிச்சம் இருக்கறதையாவது விட்டு வெப்போம். ரபாரி பெண்கள்ல சிலர் வெறும் லேஸும் ரிப்பனும் வெச்ச துணி போட்டிருந்தா ஏன் பழைய மாதிரி போடலைன்னு கேக்காதீங்க, சீர்த்துணி தைச்சு முடியாம கல்யாணம் தள்ளிப் போகுதுன்னு 1995ல தேபரியா ரபாரி சமூகமே சொந்த உபயோகத்துக்கு எம்ப்ராய்டரி பண்ணக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுச்சு. அவங்க வாழ்க்கை, அவங்க முடிவு.

திரும்பி வந்ததும் நடக்கற ஒரு தப்பு தான் எனக்கு ரொம்ப கோபம் வர்றது. அவங்க டிசைனை போட்டோ எடுத்துட்டு வந்து இங்க ஆரிக்காரர்கிட்ட காட்டி அப்படியே போட்டுக் குடுங்கன்னு கேக்கறது, அதை "ஒரிஜினல் கட்ச்"னு பொட்டிக்ல விக்கறது. தையலைக் கத்துக்கங்க, உங்க கற்பனைல புதுசா போடுங்க, யாரும் தடுக்கல. அவங்க டிசைனே வேணும்னா அவங்களுக்கே ஆர்டர் குடுங்க, அட்வான்ஸ் குடுங்க, கல்யாணத்துக்கு மூணு வாரம் முன்னாடி கேக்காம ஆறு மாசம் முன்னாடி சொல்லுங்க. மழை வந்தா வயல் வேலை இருக்கும், அவங்க ஊர்லயும் கல்யாண சீசன் வரும், அப்ப ஊசி நிக்கும், தினம் போன் போட்டு ஆச்சா ஆச்சான்னு கேக்காதீங்க. துணி வந்ததும் வாஷிங் மெஷின்ல போடாம முதல் தடவை தனியா பச்சைத் தண்ணில அலசி, நிழல்ல காயப் போட்டு, கண்ணாடி மேல மடிப்பு விழாம சுருட்டி வெச்சுடுங்க.