நீர் மாசைப் புறப்படும் இடத்திலேயே தடுப்பது எப்படி?

நீர் மாசைக் குறைக்க விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது, தம் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கண்டறிவதுதான். சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம், கழிப்பறை ஆகியவற்றிலிருந்து செல்லும் குழாய்களைப் பின்தொடர்ந்து பார்த்தால், அவை பாதாளச் சாக்கடையில் சேர்கின்றனவா, செப்டிக் டேங்கில் விழுகின்றனவா, மழைநீர் வடிகாலில் திறந்துவிடப்பட்டிருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். மழைநீர் வடிகால் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி நேரே ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ செல்வது. அதில் கொட்டிய ஒரு வாளி சோப்புத் தண்ணீர், ஆற்றில் கொட்டியதற்குச் சமம்.

மாசு இரு வகையில் வருகிறது. ஆலைக் கழிவு ஒரு குழாயின் வாய் வழியே வருவதால் அதை அளக்கலாம், உரியவரைக் கேள்வி கேட்கலாம். வயல், சாலை, முற்றம் ஆகியவற்றிலிருந்து மழை அடித்துக்கொண்டு வரும் மாசுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது. பழி முழுவதையும் ஆலைகள் மீதே போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஆலைக் கழிவின் கொடுமை சிறியது என்று இதற்குப் பொருளல்ல. ஜப்பானின் மினமாட்டாவில் ரசாயன ஆலையொன்று கடலில் விட்ட மெத்தில் பாதரசம் மீன்களிலும் சிப்பிகளிலும் சேர்ந்து, அவற்றை உண்டவர்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. 1956-இல் அந்நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. பாதரசம் கலந்த நீரைக் கண்ணால் பார்த்து அடையாளம் காண முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியும் மாசு வேறு விதமானது. உரம், சாணம், சாக்கடை நீர், பாஸ்பேட் கலந்த சலவைத்தூள் ஆகியவற்றிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் குளத்தை அடைந்ததும் பாசி பெருகி நீர் பச்சையாகிறது. அப்பாசி மடிந்து அடியில் படியும்போது, அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தூய நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனையே கொள்ளும். பெரும்பாலான மீன்கள் நலமாக வாழ 5 மில்லிகிராம் அளவாவது வேண்டும். 2-க்குக் கீழே போனால் அவை மடியத் தொடங்கும். இரவு முழுவதும் பாசியும் ஆக்சிஜனைச் சுவாசிப்பதால் விடியற்காலையில்தான் அளவு மிகவும் குறைகிறது. அந்நேரத்தில் கரையில் நின்றால், மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். இரைக்காக வருகின்றன என்று சிலர் பொரியை வீசுவதுண்டு. உண்மையில் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன, வீசிய பொரியும் அழுகி மிச்சமுள்ள ஆக்சிஜனையும் குறைக்கிறது.

எனவே பயிரிடுபவர்கள் மண்ணைப் பரிசோதித்து, தேவையான உரத்தை மட்டும், ஒரே தடவையில் கொட்டாமல் பல தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். மழை வரும் அறிகுறி இருந்தால் அன்று உரமிடுவதைத் தள்ளிப்போடுவது நல்லது. வாய்க்கால் கரையோரம் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லும் புதரும் உழாமல் விடப்பட்டால், ஓடிவரும் வண்டலையும் உரத்தையும் அவை பெருமளவு தடுத்துக்கொள்ளும்.

வீட்டில் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவும் முன் பழைய தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். குழாயில் விட்ட எண்ணெய் உறைந்து அடைப்பாகி, சாக்கடையைத் தெருவில் வழியவிடும். மீந்த மருந்து, பெயின்ட், எஞ்சின் ஆயில் ஆகியவற்றைக் கழிப்பறையில் ஊற்றாமல், திரும்பப் பெறும் இடங்களில் ஒப்படையுங்கள். செப்டிக் டேங்கில் கசடு நிரம்பும்வரை காத்திராமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்றி, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா என்று லாரிக்காரரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் இருப்பது பாதுகாப்பானது.

குடிநீரைக் கொதிக்க வைத்தால் போதும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. காலரா, டைஃபாய்டு கிருமிகள் அழியும். உரத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வரும் நைட்ரேட்டும், ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருளும் போகாது, நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் செறிவு கூடவே செய்யும். நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் கரைத்த பால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடலாம். ஆகவே கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்தறிவது அவசியம்.

யாரோ கழிவைத் திறந்துவிடுவதைக் கண்டால், குழாயின் வாய், நீரின் நிறம், செத்த மீன்கள் ஆகியவற்றை அப்போதே படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். இரவிலோ மழையோடு மழையாகவோ திறந்துவிடப்படும் கழிவு சில மணி நேரத்தில் அடித்துச் செல்லப்பட்டுவிடும். மறுநாள் நண்பகலில் எடுக்கும் நீர் மாதிரியில் அது சிக்காமல் போகலாம்.