உளுந்து விதையைப் பத்து மாதம் வண்டு விழாமல் காப்பது எப்படி?

சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம், சம்பா அறுப்புக்கு முன் தை மாதம் தெளிக்கிற உளுந்து பங்குனியில் களத்துக்கு வந்துவிடும். அதில் விதைக்கு எடுத்து வைப்பதை மறு தை வரை, ஏறக்குறைய பத்து மாதம், காப்பாற்ற வேண்டும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு. மருந்து எதுவும் போடாமல், காற்றை அடைத்தே இதைச் செய்ய முடியும்.

முதலில் ஒரு கைப்பிடி உளுந்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்புத் தோலில் குண்டூசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. விரலால் தேய்த்தாலும் எளிதில் வராது. புழு அந்த முட்டைக்கு அடியிலேயே துளைத்துப் பருப்புக்குள் போய்விடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே தின்று வளர்ந்தபின் மேல்தோலை மட்டும் மெலிதாக விட்டு, வட்டமாக ஒரு ஜன்னல் செய்து வைக்கும். வண்டானதும் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். முட்டையிலிருந்து வண்டு வரை நம் ஊர் வெப்பத்தில் சுமார் நான்கு வாரம். வயலில் காய் முற்றும்போதே முட்டை வைக்கத் தொடங்கிவிடுவதால், புதுச் சாக்கில் கட்டிய மூட்டையிலும் வண்டு விழுகிறது.

காற்றில் பிராணவாயு 20.9 சதவீதம். காற்றுப் புகாமல் கட்டிவிட்டால் உள்ளே இருக்கிற புழுவும் வண்டுமே மூச்சு விட்டு அதைத் தீர்த்துவிடும். 3 சதவீதத்துக்குக் கீழே போனதும் புழு தின்பதை நிறுத்திவிடும். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. தின்றதைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்துத்தான் தன் உடம்புக்கு வேண்டிய நீரை உண்டாக்கிக்கொள்கிறது. அது நின்றுபோனால் உள்ளேயே காய்ந்து செத்துவிடும். பூச்சி குறைவாக இருக்கிற மூட்டையில் பிராணவாயு மெதுவாகத்தான் இறங்கும். அதில் தவறில்லை.

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் காய வைப்பதில்தான். விதை உளுந்துக்கு ஈரம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றுப் புகாமல் அடைப்பதென்றால் விதைச்சான்று அளவு 8 சதவீதம். சமையலுக்கு வைப்பது 12-க்குள் இருந்தால் போதும். ஈரத்தோடு கட்டினால் பூச்சி சாகலாம், ஆனால் பிரிக்கும்போது புளிப்பு வாடை அடிக்கும், விதை முளைக்காது. களத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அரை மணிக்கொரு தரம் கிளறிவிடுங்கள். விதைக்கென்றால் காலை 8 முதல் 12 வரையும், மாலை 3 முதல் 5 வரையும் காய்ந்தால் போதும். உச்சி வெயிலில் சிமென்ட் களமும் தார்ச் சாலையும் முளைப்பைக் கெடுத்துவிடும்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பகலில் காய்ந்தது, ராத்திரி கடல் காற்றில் திரும்ப ஈரம் வாங்கிக்கொள்ளும். அதனால் மாலையில் அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். கடைசி நாள் மட்டும் நிழலில் இரண்டு, மூன்று மணி நேரம் சூடு ஆறவிட்டு, அன்றைக்கே கட்டிவிடுங்கள். சூட்டோடு கட்டினால் பையின் உள்பக்கம் வியர்க்கும். அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஈரம் பார்க்க உப்புச் சோதனை சொல்வார்கள். காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு, மூன்று கரண்டி உப்பும் போட்டு, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். நம் பக்கத்து உப்பு தானே கசிந்திருக்கும், வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போடுங்கள். நெல்லுக்கு இது ஓரளவு உதவும். உளுந்து விதைக்குப் போதாது, உப்பு ஒட்டாவிட்டாலும் 13, 14 இருக்கலாம். ஈரப்பதமானியில் ஒருமுறை பார்த்துவிடுவதே நல்லது. விருத்தாசலத்திலும் புதுச்சேரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன, அங்கே கேட்டுப் பாருங்கள்.

பை மூன்று அடுக்காக இருக்க வேண்டும். வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு, உள்ளே தலா 80 மைக்ரான் கனத்தில் இரண்டு உறைகள். கழுவிய உரச் சாக்கும் மெல்லிய பாலித்தீன் பையும் உதவாது, இரண்டிலும் காற்று போய் வரும். முதலில் ஒவ்வொரு உறையிலும் காற்றை அடைத்து, வாயை முறுக்கிப் பிடித்துக் கன்னத்தருகே வைத்து அமுக்குங்கள். ஓட்டை இருந்தால் காற்று கன்னத்தில் படும். பிறகு உள் உறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டித் தட்டி இறக்கி, மேலே ஒரு முழம் வாய் விடுங்கள். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயைக் கயிறு போல் இறுக முறுக்கி, மடக்கி, சணலால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். அடுத்த உறையையும் இப்படியே தனியாகக் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகப் போட்டால் இரண்டாவது உறை இருந்தும் இல்லாதது போலத்தான்.

மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுவரில் ஒட்டக் கூடாது. சுமை இறக்குபவர்களிடம் கொக்கி போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாதிரி எடுக்கிற குத்தூசியும் ஆகாது, ஒரே குத்தில் இரண்டு உறையும் போய்விடும். எலி கடித்தாலும் இதே கதிதான். தோலோடு நிலக்கடலை வைப்பவர்கள் காம்பு முனை குத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரம்மில் வைப்பதானால் மூடியில் ரப்பர் வளையமும் இறுக்கும் கிளிப்பும் இருக்கட்டும். வெறும் ட்ரம்மைக் காலையில் மூடி வெயிலில் வைத்து, மதியம் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். உள்ளே காற்று விரிந்திருக்கும். கசிவு இருந்தால் குமிழ் வரும்.

உள்ளே கற்பூரமோ விளக்கோ கொளுத்தி மூடுகிற பழக்கம் உண்டு. சுடர் அணைந்ததும் காற்று தீர்ந்துவிட்டது என்று நம்புகிறோம். பிராணவாயு 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். அதில் வண்டு சுகமாக உயிர் வாழும். அதற்குப் பதில் இரும்புத்தூள் அடைத்த பிராணவாயு உறிஞ்சிப் பொட்டலம் போடலாம். 50 லிட்டர் ட்ரம் நிறைய உளுந்து சுமார் 40 கிலோ பிடிக்கும். மணிகளுக்கு இடையே 20 லிட்டர் காற்று, அதில் பிராணவாயு 4 லிட்டருக்குச் சற்று அதிகம். 2000 மில்லி உறிஞ்சும் பொட்டலம் மூன்று போதும். வாய் வரை நிரப்புங்கள். அரை ட்ரம் என்றால் காற்று அதிகம், பொட்டலமும் அதிகம் வேண்டும். பொட்டலங்கள் அடைத்து வரும் வெளி உறையைக் கிழித்த கால் மணி நேரத்துக்குள் அவற்றை உள்ளே போட்டு மூடிவிடுங்கள்.

கிடங்கு அளவில் செய்பவர்கள் அடுக்கைத் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி, கரியமில வாயுவை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றி 11 நாள் வைப்பார்கள். இதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். வாயு நிரம்பிய அறைக்கு வாடையே இருக்காது. உள்ளே போனவர் மயங்கி விழுந்து உயிரே போகலாம்.

கட்டிய மூட்டையை இரண்டு மாதமாவது தொடாதீர்கள். நடுவில் ஒருமுறை பிரித்தால் புதுக் காற்று புகுந்து, உயிரோடு மிஞ்சியது மறுபடி தின்னத் தொடங்கும். வீட்டுச் செலவுக்கு 5 கிலோ, 10 கிலோவாகத் தனித்தனியே கட்டினால் மற்றதைப் பிரிக்க வேண்டியிருக்காது. விதை மூட்டையைத் தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது பிரித்து, 100 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஏழு நாளில் 75-க்குக் குறையாமல் முளைத்தால் அது தெளிக்கத் தகுந்த விதை.