சம்பளத் தேதியைப் பார்த்துத் தொழில் தொடங்குங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கறித்தூள் அரைத்து விற்கிறேன். ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் மில்லுக்கு வந்து, "அக்கா, தொழில் தொடங்கணும், லோன் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். லோனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நம் ஊரில் காசு எந்தத் தேதியில் யார் கைக்கு வருகிறது, எப்போது தீர்ந்துபோகிறது என்று எழுதிப் பாருங்கள்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். செம்பனைத் தோட்டமானாலும் தொழிற்சாலையானாலும் இதே கணக்குதான். அதனால் மாதத்தின் முதல் பத்து நாள் கடைத்தெருவில் காசு புழங்கும். 20ஆம் தேதிக்கு மேல் கடைகளில் பாக்கி எழுதும் 555 புத்தகத்தில் கடன் ஏறும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடுவது, வீடு வீடாக ஆர்டர் எடுப்பது எல்லாவற்றையும் அந்த முதல் பத்து நாளில் வையுங்கள். கடைசிப் பத்து நாளில் அரைத்துப் பொட்டலம் கட்டுங்கள். கடை வாடகையை 10ஆம் தேதிக்கு மேல் கட்டலாமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். கேட்டால் பலர் ஒத்துக்கொள்வார்கள்.

கடை வாடகைக்கு எடுக்கும் முன், வீட்டிலேயே ஐந்து கிலோ செய்து விற்றுப் பாருங்கள். முதல் பாக்கெட்டைச் சொந்தக்காரர்களும் கோயிலில் பழகியவர்களும் உங்கள் முகத்துக்காக வாங்குவார்கள். அதை விற்பனை என்று எண்ண வேண்டாம். அது தீர்ந்த பிறகு, நீங்கள் போன் பண்ணாமலே இன்னொன்று கேட்டது யார் யார்? அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். கேட்காதவர்களிடம் விசாரித்தால் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். "மீன் குழம்புக்குப் போட்டீங்களா, கோழிக்கா? எத்தனை கரண்டி?" என்று கேளுங்கள், குறை தானாக வெளியே வரும்.

தோட்டத்து லயன் வீடுகளில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இருக்கிறார்கள். நம் குடும்பங்களில் நிறையப் பேர் தாமான்களுக்கு, அதாவது வெளியே உள்ள குடியிருப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டார்கள். பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பெண்களும் கறித்தூள் வாங்குகிறார்கள். நம்மவர்களை மட்டும் நம்பித் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹலால் சான்றிதழ் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தோதாக, தூள் செய்யும் இடத்தை மட்டும் தொடக்கத்திலேயே வீட்டுச் சமையலிலிருந்து பிரித்துவிடுங்கள்.

விலை போடுவதில் ஒரு விஷயம். பத்து கிலோ மல்லியைப் புடைத்து, வறுத்து, அரைத்தால் பத்து கிலோ தூள் வராது. கல்லும் காம்பும் போகும், ஈரம் போகும், மில்லிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். வாங்கிய எடைக்கு அடக்கம் போட்டால் ஒவ்வொரு கிலோவிலும் கைக்காசு கரையும். கடைசியில் கைக்கு வந்த தூளை நிறுத்து அடக்கம் போடுங்கள். அதோடு கேஸ், பாக்கெட், லேபல், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய், அப்புறம் உங்கள் சொந்தக் கூலி. இந்தக் கூலியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், பெண்கள் இன்னும் அதிகமாக. அம்மாவும் தங்கச்சியும் சும்மா உதவுகிறார்கள் என்று விலையைக் குறைத்தீர்கள் என்றால், அவர்களால் வர முடியாத மாதத்தில் அந்த விலை கட்டுப்படியாகாது.

எல்லாவற்றையும்விடக் கடன் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். மளிகைக் கடையில் சரக்குப் போட்டால் "வித்ததும் தர்றேன்" என்பார்கள். மாதம் 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) சரக்குப் போடுகிறீர்கள், காசு இரண்டு மாதம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் பார்த்தாலும் உங்கள் 6,000 வெள்ளி அடுத்தவர் கடையில் நிற்கும். மல்லியும் மிளகாயும் தருகிற மொத்த வியாபாரியோ 30 நாளில் கேட்பார். விற்பனை இரண்டு மடங்கானால், வெளியே நிற்பது 12,000. ஆர்டர் குவியும்போதே தொழில் படுத்துவிடுவது இதனால்தான்.

புதிய கடைக்கு ஒரு பெட்டி மட்டும் கொடுங்கள். அதன் காசு வந்த பிறகு அடுத்த பெட்டி. இதை முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது. வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டும் வையுங்கள். மாதக் கடைசியில் கையில் இருக்கிற சில்லறைக்கு வாங்க முடிந்தால், கடன் கேட்கும் சங்கடம் அவர்களுக்கு ஏன் வரப்போகிறது? தீபாவளி ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். சரக்கு எடுக்க அந்தக் காசே போதும்.

குடும்பத்தார் முதல் போட்டால் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நமக்குள்ள என்ன எழுத்து?" என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். அவர்களுக்கு அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் வீ. தி. சம்பந்தனை நினைவுபடுத்துங்கள். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற காலத்தில், 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர்கள் ஆனார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கியது. யார் எவ்வளவு கட்டினார்கள் என்று எழுத்தில் இருந்ததால்தான் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒன்றுசேர முடிந்தது. யார் எவ்வளவு போட்டார்கள், இலாபத்தில் என்ன பங்கு, விலகினால் எப்போது திருப்பித் தருவது. இந்த மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பதிவு வேலைகள் சுலபம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் என்றால் 60. அந்தச் சான்றிதழை வைத்துத் தனி வங்கிக் கணக்குத் திறங்கள். வாடிக்கையாளர் போனில் காசு கட்டும் டுவிட்நவ் கியூஆர் அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும், உங்கள் சொந்தக் கணக்குக்கு அல்ல. உணவுத் தொழில் என்றால் டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம். சுகாதார அமைச்சின் மெஸ்தி உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் மனுப் போடுங்கள், பெரிய கடைகள் அதைக் கேட்கும்.

ஆள் வைப்பதற்கு அவசரப்படாதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிக்கும் இது பொருந்தும். அதற்கு மேல் இபிஎஃப் என்ற சேமநிதிக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் சேர்ந்தால் ஓர் ஆளுக்கு மாதம் சுமார் 1,950 வெள்ளி ஆகும். அதை மாதா மாதம் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். அதுவரை சீசனுக்கு மட்டும் நாள் கூலிக்கு ஆள் வைத்துச் சமாளிக்கலாம்.

இப்போது லோன். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் மலேசிய இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. அரைவை இயந்திரம், பாக்கெட் ஒட்டும் இயந்திரம் போல நாளைக்கே வேலை செய்து காசு தரும் பொருளுக்கு வாங்குங்கள். கடைக்காரர்கள் தராத பாக்கியை ஈடுகட்டக் கடன் வாங்க வேண்டாம், அந்தப் பாக்கியை முதலில் வசூலியுங்கள். அலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். மனுப் போடும்போது எஸ்எஸ்எம் சான்றிதழோடு ஆறு மாத வங்கி அறிக்கை, சரக்கு வாங்கிய பில், விற்பனை எழுதிய புத்தகம் மூன்றையும் கொண்டுபோங்கள். நேர்காணலில் எதைக் கேட்டாலும் புத்தகத்தைத் திறந்து காட்டிப் பேச முடியும்.