ஆன்லைனில் வாங்கத் தயக்கமா? பணம் போகும் வழியைப் பாருங்கள்

சிங்கப்பூர் தேக்கா கடைகளில் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு ஆன்லைன் என்றாலே ஒரு தயக்கம். நிறம் மாறி வருமோ, அளவு சரியாக இருக்குமோ, பணமே போய்விடுமோ என்று எல்லாப் பயமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறது. நிறமும் அளவும் சின்ன விஷயம். திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது பணம் போகும் வழியைத்தான்.

ஷாப்பி போன்ற ஆன்லைன் விற்பனைத் தளங்களில் நீங்கள் கட்டும் பணம் உடனே விற்பவரிடம் போகாது. பொருள் வந்து சேரும்வரை தளமே பிடித்து வைத்திருக்கும். அதனால் பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று அழுத்தாதீர்கள். குறை இருந்தால் காலக்கெடு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். தாமதித்தால் பணம் தானாகவே விற்பவருக்குப் போய்விடும்.

“பேநவ்வில் நேரடியாக என் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புங்க, விலை குறைச்சுத் தர்றேன்” என்று யாராவது வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தளத்துக்கு வெளியே அனுப்பும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தீபாவளி நேரத்தில் இன்னும் உஷாராக இருங்கள்.

எந்தத் தளம் எவ்வளவு பாதுகாப்பானது என்று உள்துறை அமைச்சு 2022 முதல் மதிப்பீடு வெளியிடுகிறது. அதிகபட்சம் 4 டிக். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். பணத்தை அனுப்பியே விட்டீர்களா? முதலில் வங்கிக்குப் போன் போடுங்கள், அப்புறம் போலீஸ் புகார்.