டிசிபி சாக்கெட்டில் செய்தி எங்கே முடிகிறது?

டிசிபி (TCP) என்பது வலையமைப்பில் இரு நிரல்கள் தரவைப் பரிமாறும் நெறிமுறை; சாக்கெட் என்பது நிரல் அதில் எழுதவும் வாசிக்கவும் பயன்படுத்தும் முனை. டிசிபிக்குச் செய்தி என்ற கணக்கே கிடையாது. வரிசை மாறாத பைட் ஓட்டம் மட்டுமே அதற்குத் தெரியும். இரண்டு முறை அனுப்பியது ஒரே வாசிப்பில் சேர்ந்து வரலாம். ஒரு முறை அனுப்பியது மூன்று துண்டாகவும் வரலாம். ஒரே கணினிக்குள் சோதித்தால் பெரும்பாலும் ஒழுங்காக வந்து நம்மை ஏமாற்றும்.

ஆகவே எல்லையை நாமே வகுக்க வேண்டும். எனக்குப் பிடித்த வழி, செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில், பிக் எண்டியன் வரிசையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) அனுப்புவது. பெறும் பக்கம் முதலில் அந்த 4 பைட்டையும் (அதுவும் துண்டாக வரலாம்!), பிறகு அதில் சொன்ன அளவையும் சேரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கூடுதலாக வந்ததை வீசிவிடாதீர்கள், அது அடுத்த செய்தியின் தொடக்கம். நீளத்துக்கு உச்சவரம்பு அவசியம். இல்லையெனில் யாரோ அனுப்பும் பொய்யான எண்ணுக்காக நிரல் 4 ஜிபி வரை நினைவகம் ஒதுக்கப் பார்க்கும். வாசிப்பு 0 எனத் திரும்பினால் மறுமுனை அனுப்புவதை முடித்துவிட்டது. அப்போது செய்தி பாதியில் நின்றால் அது பிழை.

செய்திக்குள் வரிமுடிவு வராத உரை மட்டும் போகும் இடத்தில் வரிமுடிவுக் குறியே எல்லையாகப் போதும்.

எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் 'க' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட், 'கி'க்கு 6. துண்டு எழுத்தின் நடுவிலும் வெட்டுப்படும். முழுச் செய்தியும் சேர்ந்த பிறகே பைட்டுகளை உரையாக மாற்றுங்கள்.