பீர் கெட்டிலில் தெர்மாமீட்டர்: துளை போடும் முன் தவிர்க்க வேண்டியவை

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பெரிய ஸ்டீல் கெட்டில் வாங்கப் போனால், பக்கவாட்டில் வட்ட டயல் தெர்மாமீட்டர் பொருத்திய மாடல்தான் முதலில் கண்ணில் படும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கெட்டிலுக்கு என்ன வேலை என்று யோசிக்காமல் பணம் கொடுப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

கொதிக்க வைக்க மட்டும் என்றால் தெர்மாமீட்டரே வேண்டாம். வோர்ட், அதாவது பின்னால் பீராகப் போகும் இனிப்புச் சாறு, கொதிப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் முள் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். மாஷ் செய்வது வேறு கதை. நொறுக்கிய மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி போன்ற தானியத்தை, வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கட்டம் அது. 65 டிகிரியில் ஊறினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம், பீர் இலகுவாக இருக்கும். 69க்குப் போனால் ஈஸ்ட்டால் தின்ன முடியாதது கூடி, பீர் கனமாக நிற்கும். நாலே டிகிரியில் இவ்வளவு வித்தியாசம். துணிப்பையில் மால்ட்டைப் போட்டுக் கெட்டிலிலேயே மாஷ் செய்பவருக்கு டயல் உதவும். கடையில் கிடைக்கும் மால்ட் எக்ஸ்ட்ராக்டை (மால்ட் சாற்றின் பாகு அல்லது பொடி) கரைத்து, மாஷ் செய்யாமலே காய்ச்சுபவருக்கு ஒரு நல்ல கைப்பிடி டிஜிட்டல் தெர்மாமீட்டர் தாராளம். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்கும் யாரும் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது, டயல் காட்டுவதை அப்படியே நம்புவது. கெட்டிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் கம்பி தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தின் சூடு மட்டுமே முள்ளில் தெரியும். அடுப்பு எரியும்போது அடியில் ஒரு சூடு, மால்ட்டின் நடுவில் இன்னொரு சூடு. கொதித்ததை ஈஸ்ட் போடுவதற்காக ஆறவைக்கும்போதும் இதே கதைதான்: சில்லர் எனும் குளிர்விக்கும் குழாய்ச் சுருளைச் சுற்றிக் குளிர்ந்த வோர்ட் அடியில் தங்கிவிடும், மேலே இன்னும் சூடாகவே இருக்கும். நன்றாகக் கிளறிவிட்டுப் பார்க்காவிட்டால், 20 டிகிரி வந்துவிட்டது என்று நினைத்து ஈஸ்ட்டைச் சூட்டில் கொட்டிவிடுவீர்கள். இத்தனைக்கும் புது டயல்கூட ஓரிரு டிகிரி தள்ளிக் காட்டலாம். ஐஸ் கலந்த தண்ணீரில் 0, கொதிநீரில் 100 என்று சோதிக்கலாம், ஆனால் கொதிநிலை ஊருக்கு ஊர் மாறும். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். நமக்கு வேண்டியது 66ஐச் சுற்றிய அளவு என்பதால், அந்தச் சூட்டிலேயே நம்பகமான டிஜிட்டலோடு ஒப்பிட்டு, டயலின் பின்பக்கத் திருகைத் திருப்பிச் சரிசெய்வது மேல். சில டயல்களில் அந்தத் திருகு இருக்காது, அவற்றை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் கெட்டிலில் துளை போடுபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது உயரத்தில். 38 செ.மீ. அகலமும் 35 செ.மீ. உயரமும் உள்ள கெட்டிலில் 40 லிட்டர் பிடிக்கும். வழக்கமான 5 கேலன், அதாவது 19 லிட்டர் ஊற்றினால் மட்டம் சுமார் 17 செ.மீ.தான். பாதி உயரத்தில் துளை போட்டால் கம்பி காற்றில் தொங்கும்! ரொம்பக் கீழே போட்டாலோ அடுப்பின் தீ டயலைச் சுட்டுவிடும். நீங்கள் காய்ச்சப்போகும் மிகக் குறைந்த அளவைத் தண்ணீராக ஊற்றி, மட்டத்தைக் குறித்துவிட்டு, அதற்குச் சில செ.மீ. கீழே இடம் பாருங்கள். சில்லரையும் உள்ளே இறக்கிப் பாருங்கள், அது கம்பியில் இடிக்கக் கூடாது. துணிப்பையும் கிளறும் துடுப்பும் மாட்டிக்கொள்வதும் இதே கம்பியில்தான். அதற்காக மிகக் குட்டையான கம்பியை வாங்கினால் சுவரோரச் சூட்டை மட்டுமே காட்டும்.

எனாமல் பாத்திரத்தில் துளை போடவே வேண்டாம். பூச்சு உதிர்ந்து துருப்பிடிக்கும். ஸ்டீலில் ஸ்டெப் பிட்டை (படிப்படியாக அகலமாகும் துளையிடும் அலகு) மெதுவாகச் சுழற்றி, எண்ணெய் விட்டுக்கொண்டே துளையுங்கள். வேகம் கூடினால் ஸ்டீல் இறுகி பிட் மழுங்கிவிடும். விளிம்பில் பிசிறு இருந்தால் ஒழுகாமல் அடைக்கும் சிலிக்கோன் வளையம் கிழியும், அதனால் அரத்தால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒழுகாதது சூட்டில் ஒழுகலாம்.