திருகோணமலை என்ற தேக்குக் கப்பல்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் 'டிரிங்கோமலி' என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பல் இன்றும் மிதக்கிறது. நம் ஊர்ப் பெயர் என்றதும் திருகோணமலையில் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. பம்பாயில், வாடியா குடும்பத்தைச் சேர்ந்த ஜம்சேத்ஜி போமன்ஜி என்ற பார்சி கப்பல் கட்டுநர், மலபார் தேக்கில் கட்டியது. நெப்போலியன் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால்தான் வேலை இந்தியாவுக்கு வந்தது.

ஆண்டிலும் கவனம் வேண்டும். கட்டச் சொன்னது 1812. கடலில் இறங்கியது 1817 அக்டோபர் 12. இதைக் கட்டுவதற்கான வரைபடங்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்த 'ஜாவா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை, பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' தோற்கடித்தது. வரைபடங்கள் அதோடு போயின. மறுபடி நகல் அனுப்பிக் கட்டி முடிப்பதற்குள் நெப்போலியன் போரே முடிந்துவிட்டது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த தவறு. போர்க்கப்பல் என்றாலே குண்டுமழையும் புகையும் வேண்டும் என்று நினைத்து, இதற்கும் ஒரு வீரக்கதை கட்டுவது. இந்தக் கப்பல் பெரிய கடற்போர் எதிலும் கலந்துகொள்ளவில்லை. 1819இல் போர்ட்ஸ்மவுத் வந்ததும் பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு நிறுத்திவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது! 1847இல்தான் முதல் பணி: வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள். 1852 முதல் 1857 வரை பசிபிக். அப்புறம் பயிற்சிக் கப்பல். கடலோடக் கற்றுக்கொடுத்த காலம்தான் அதன் வாழ்க்கையில் மிக நீண்டது. அதை ஒரு வரியில் தள்ளிவிடக் கூடாது.

பீரங்கி எண்ணிக்கையை ஆண்டு சொல்லாமல் எழுதாதீர்கள். கட்டியபோது 38 பீரங்கி வகுப்பு. 1840களில் மாற்றி அமைத்தபின் 26.

பெயரும் குழப்பும். 1897இல் உடைக்க விற்ற கப்பலை ஜார்ஜ் வீட்லி காப் என்ற தொழிலதிபர் வாங்கி, அதே ஆண்டு பிளாக்பூலில் புயலில் சிதைந்த தன் பழைய கப்பலின் நினைவாக 'ஃபூட்ராயன்ட்' என்று பெயரிட்டார். ஆகவே இரண்டு ஃபூட்ராயன்ட்டுகள். பழைய பெயர் 1992இல்தான் திரும்பியது.

சரி, உலகிலேயே பழைய போர்க்கப்பலா? அதுவும் இல்லை. 1765இல் இறங்கிய பிரிட்டனின் 'விக்டரி' மூத்தது, ஆனால் 1922 முதல் உலர்துறையில், அதாவது தண்ணீர் வெளியேற்றிய துறையில், நிற்கிறது. மிதப்பவற்றில் 1797இல் இறங்கிய கப்பல் ஒன்று இதற்கு மூத்தது. வரைபடங்களை அழிய வைத்த அதே கான்ஸ்டிடியூஷன்தான் அது.